நவம்பரின் வாரிசு யார்? அல்ஜீரிய இராணுவமும் அது உருவாக்கிய தேசமும்

2024 நவம்பர் 1ஆம் திகதி அல்ஜீரியத் தலைநகர் அல்ஜியர்ஸில் பிரமாண்டமான இராணுவ அணிவகுப்பொன்று நடந்தது. பிரான்சுக்கு எதிரான ஆயுதப் போராட்டம் ஆரம்பமாகி 70 வருடங்கள் நிறைவடைந்ததை நினைவுகூரும் நிகழ்வு அது. தாங்கிகள், ஏவுகணைகள், போர் விமானங்கள், அயல் நாட்டுத் தலைவர்கள் என எதற்கும் குறைவிருக்கவில்லை. அதே நாளில் பாரிஸிலிருந்து ஓர் அறிவிப்பும் வெளியானது. போராட்டத்தின் ஸ்தாபகர்களில் ஒருவரான அல்-அரபி பின் மஹீதியை 1957இல் பிரெஞ்சுப் படையினரே கொலை செய்தார்கள் என்பதை ஜனாதிபதி மக்ரோன் உத்தியோகபூர்வமாக ஏற்றுக்கொண்டார். அவர் தடுப்புக்காவலில் தற்கொலை செய்துகொண்டார் என்பதுதான் அன்று பிரெஞ்சு இராணுவம் உலகத்துக்குச் சொன்ன கதை.

பின் மஹீதியின் பெயர் அல்ஜியர்ஸின் பிரதான வீதிகளுள் ஒன்றுக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. அவர் கட்டியெழுப்பிய படையின் நேரடி வாரிசு தானே என்று இன்றைய அல்ஜீரிய இராணுவம் சொல்கிறது. ஆனால் அதே பின் மஹீதியின் படத்தைத் தூக்கிக்கொண்டுதான் 2019இல் இலட்சக்கணக்கான மக்கள் அந்த இராணுவத்தின் ஆதிக்கத்துக்கு எதிராக வீதிக்கு இறங்கினார்கள். ஒரே மனிதரின் படம் இரு பக்கத்திலும் இருப்பது எப்படி?

இந்தக் கேள்வியை நம்மில் பலர் அப்போது கேட்கவில்லை. கேட்க நேரமும் இருக்கவில்லை. ஜனாதிபதி பூதபிலிக்கா பதவி விலகியது 2019 ஏப்ரல் 2ஆம் திகதி. மூன்று வாரங்கள் செல்வதற்குள் நமது நாட்டில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் நடந்தன. அதன்பிறகு யாருக்கு அல்ஜீரியாவைப் பற்றிய ஞாபகம் இருந்தது? நமது வீடுகளில் கிதாபுகளைப் பார்த்தே அஞ்சிய காலம் அது. "முஜாஹித்" என்ற சொல்லை வாயால் சொல்லவே தயங்கினோம். அதே சொல் அல்ஜீரியாவில் ஓர் அமைச்சின் பெயரில் இருக்கிறது. விடுதலைப் போராளிகளின் ஓய்வூதியத்தையும் ஷஹீத்களின் குடும்ப நலன்களையும் கவனிக்கும் முஜாஹிதீன் அமைச்சு அது. ஒரே சொல் ஓரிடத்தில் குற்றச்சாட்டு, இன்னோரிடத்தில் அரச பதிவேட்டில் உள்ள ஒரு தகுதி. அல்ஜீரியாவில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு எடை எப்படி வந்தது என்று பார்த்தால் மற்றவையும் விளங்கும்.

1830இல் பிரான்ஸ் அல்ஜீரியாவுக்குள் நுழைந்தது. அமீர் அப்துல் காதிர் 1832 முதல் 1847 வரை எதிர்த்துப் போராடித் தோற்றார். அதன்பிறகு பிரான்ஸ் அந்த மண்ணைத் தனது சொந்த நிலப்பரப்பாகவே இணைத்துக்கொண்டது. நிலம் பிரான்சுக்குச் சொந்தம், ஆனால் அதில் வாழ்ந்த முஸ்லிம்கள் பிரான்சின் பிரஜைகள் அல்லர். 1865ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைப் பிரான்சின் ஆட்சிக்குட்பட்டவர்கள் என்று வகைப்படுத்தியது. பிரஜாவுரிமை வேண்டுமானால் திருமணம், விவாகரத்து, வாரிசுரிமை ஆகியவற்றில் ஷரீஆவின் கீழுள்ள தனியாள் சட்ட நிலையைக் கைவிட வேண்டும். இந்த நிபந்தனையை ஏற்றவர்கள் மிகச் சொற்பம். அது மார்க்கத்தை விடுவதற்குச் சமம் என்றே பெரும்பாலானோர் கருதினார்கள். பிரஜையாக இருப்பதா, முஸ்லிமாக இருப்பதா என்று ஓர் அரசு தன் மக்களிடம் கேட்கும் நிலை அது. தனியார் சட்டம் பற்றிய விவாதங்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் கேள்வியின் கூர்மையை விளக்கத் தேவையில்லை.

பிரஜாவுரிமைதான் இல்லையே தவிர, கடமைகளுக்குக் குறைவில்லை. இரண்டு உலகப் போர்களிலும் அல்ஜீரிய முஸ்லிம்கள் பெருந்தொகையாகப் பிரான்சுக்காகப் போரிட்டார்கள். பிற்காலத்தில் சுதந்திர அல்ஜீரியாவின் முதலாவது ஜனாதிபதியான அஹ்மத் பின் பெல்லா, இத்தாலியில் மொன்டே காசினோ போரில் காட்டிய வீரத்துக்காகப் பதக்கம் பெற்றவர். அதைக் குத்திவிட்டவர் டி கோல். 1945 மே 8ஆம் திகதி ஐரோப்பாவில் வெற்றி கொண்டாடப்பட்ட அதே நாளில், ஸதீஃப் நகரில் அல்ஜீரியக் கொடியுடன் ஊர்வலம் சென்றவர்கள் மீது துப்பாக்கிச் சூடு ஆரம்பமானது. தொடர்ந்த வன்முறையில் சுமார் நூறு ஐரோப்பியர்கள் கொல்லப்பட, அதற்குப் பழிவாங்கலாக ஸதீஃப், கால்மா, கர்ராதா பகுதிகளில் ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் கொன்று குவிக்கப்பட்டார்கள். அல்ஜீரியா சொல்லும் எண்ணிக்கை 45,000. போர்முனையிலிருந்து பதக்கங்களோடு ஊர் திரும்பிய அல்ஜீரியச் சிப்பாய்களை வரவேற்றது இந்தச் செய்திதான். யாருக்காகப் போரிட்டோம் என்ற கேள்வி அங்கிருந்துதான் ஒரு தலைமுறையின் நெஞ்சில் ஏறியது.

இந்த இடத்தில் ஒருவரை அறிமுகப்படுத்த வேண்டும். பர்ஹாத் அப்பாஸ் ஒரு மருந்தாளர், நல்ல பிரெஞ்சு எழுத்தாளர், மிதவாத அரசியல்வாதி. 1936இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. அல்ஜீரியத் தேசம் என்ற ஒன்றை வரலாற்றில் தேடினேன், உயிருடன் இருப்போரிடமும் இறந்தோரிடமும் கேட்டேன், மையவாடிகளுக்கும் போனேன், அப்படியொன்றை எவரும் எனக்குச் சொல்லவில்லை என்ற பொருளில் அதில் எழுதினார். அவர் கேட்டது பிரான்சுக்குள் சம உரிமை. உலமாக்கள் சங்கத்தின் தலைவர் இமாம் அப்துல் ஹமீத் பின் பாதீஸ் (ரஹ்) உடனே மறுப்பு எழுதினார். இந்த முஸ்லிம் தேசத்துக்கு அதற்கேயுரிய வரலாறும் மார்க்கமும் மொழியும் உண்டு, அது பிரான்ஸ் அல்ல, பிரான்சாக மாறவும் விரும்பவில்லை என்பது அவரது வாதம். இருவரும் அறிவாளிகள், நேர்மையானவர்கள். ஒருவர் தேசம் இல்லை என்றார், மற்றவர் இருக்கிறது என்றார். ஏட்டில் தீராத இந்த வழக்கைத் தீர்த்து வைத்தது ஒரு படையின் பிறப்பு. பர்ஹாத் அப்பாஸின் கதை இன்னும் முடியவில்லை, மறுபடியும் வருவார்.

1954 ஒக்டோபர் கடைசியில் அல்ஜியர்ஸில் ஒரு புகைப்பட நிலையத்தில் ஆறு இளைஞர்கள் கோட்டும் டையுமாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். முஹம்மத் பூதியாஃப், முஸ்தபா பின் பூலஈத், அல்-அரபி பின் மஹீதி, முராத் தீதூஷ், ராபிஹ் பிதாத், கரீம் பல்காசிம். பிரான்ஸை எதிர்த்து ஆயுதம் ஏந்துவது என்று முடிவு செய்து, நாட்டை ஐந்து வலயங்களாகப் பிரித்துப் பொறுப்பெடுத்துக்கொண்டவர்கள். சில நாட்களில், நவம்பர் 1ஆம் திகதி நள்ளிரவு, நாட்டின் பல இடங்களில் தாக்குதல்கள் நடந்தன. அன்றிரவு களத்தில் நின்றவர்கள் மொத்தமாக ஆயிரம் பேரளவில்தான் இருக்கும். பலரிடம் வேட்டைத் துப்பாக்கி, சிலரிடம் அதுவும் இல்லை. இராணுவ ரீதியில் பார்த்தால் அந்த இரவின் சாதனை சொற்பம்.

ஆனால் கபிலியா மலைக் கிராமமொன்றில் ரோனியோ இயந்திரத்தில் அச்சிட்ட ஒரு பிரசுரம் அன்று வெளிவந்தது. கெய்ரோ வானொலியும் அதை ஒலிபரப்பியது. இஸ்லாமியக் கோட்பாடுகளின் வரம்புக்குள் இறைமையுள்ள, ஜனநாயக, சமூக நீதியுள்ள அல்ஜீரிய அரசை மீள நிறுவுவதே இலக்கு என்று அது அறிவித்தது. இன, மத வேறுபாடின்றி அடிப்படைச் சுதந்திரங்கள் மதிக்கப்படும் என்றும் சொன்னது. "மீள நிறுவுதல்" என்ற சொல்லைக் கவனியுங்கள். பர்ஹாத் அப்பாஸால் மையவாடியில்கூடக் காண முடியாத தேசம், இந்தத் தாளில் ஏற்கெனவே இருந்து பறிபோன ஒன்றாகப் பேசப்படுகிறது. வெளியில் முன்னணி, களத்தில் தேசிய விடுதலை இராணுவம் என்று இரண்டும் ஒன்றாகப் பிறந்தன. அரசு இல்லை, பாராளுமன்றம் இல்லை, நாணயம் இல்லை. இராணுவம் மட்டும் இருக்கிறது. பொதுவாக ஒரு நாடு தனக்கு ஓர் இராணுவத்தை அமைத்துக்கொள்ளும். இங்கே வரிசை தலைகீழானது.

நமது நாட்டின் பெயரும் இந்த வரலாற்றின் ஓரத்தில் உண்டு. ஐந்து மாதங்கள் கழித்து 1955 ஏப்ரலில் நடந்த பாண்டுங் மாநாட்டைக் கூட்டிய ஐந்து நாடுகளில் இலங்கையும் ஒன்று. அல்ஜீரியப் பிரதிநிதிகள் பார்வையாளர்களாக அங்கே வந்து ஆதரவு தேடினார்கள். அல்ஜீரியாவின் சுயநிர்ணய உரிமையை மாநாடு ஆதரித்தது.

போராட்டத்தின் உள்ளமைப்பு தீர்மானமானது 1956 ஓகஸ்ட் 20இல், சூமாம் பள்ளத்தாக்கில் இரகசியமாகக் கூடிய மாநாட்டில். அதன் மூளை அபான் ரமழான் என்ற கபிலிய இளைஞர், துணை நின்றவர் பின் மஹீதி. சிதறிக் கிடந்த குழுக்கள் அங்கேதான் ஓர் இராணுவமாயின. பதவிநிலைகள் வகுக்கப்பட்டன. உச்சப் பதவி கேணல், ஜெனரல் என்ற பதவியே வைக்கப்படவில்லை. சீருடையுடன் மலையில் போரிடுபவர் முஜாஹித். நகரத்தில் தாக்குதல் நடத்துபவர் பிதாயீ. ஊரில் இருந்துகொண்டே வழிகாட்டி, உணவு, தகவல், சுமை தூக்கல் என்று உதவுபவர் முஸப்பில். ஃபீ ஸபீலில்லாஹ் என்பதிலுள்ள "ஸபீல்" என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். இந்த மூன்றாவது வகைதான் என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமானது. ஆட்டிடையனும் ரொட்டி சுடும் தாயும் கழுதையில் மா மூட்டை கொண்டுபோகும் கிழவரும் அந்தப் பெயருக்குள் வந்துவிட்டார்கள். கிராமம் தோறும் ஐவர் கொண்ட மக்கள் சபைகள் அமைக்கப்பட்டன. பிறப்பு, திருமணப் பதிவு, வழக்குத் தீர்ப்பு, வரி வசூல், பாடசாலை எல்லாம் அவற்றின் கையில். பிரெஞ்சு நீதிமன்றத்துக்குப் போகாதே என்று சொல்லப்பட்டது. நூறு வருடங்களுக்கும் மேலாக ஆட்சிக்குட்பட்டவராக மட்டும் இருந்த ஒருவர், இந்தச் சபையில் போய் நின்றபோதுதான் முதன்முறையாகப் பிரஜையானார்.

பிரஜை என்றால் கடமை. அது எப்போதும் மென்மையாகக் கேட்கப்படவில்லை. பிரெஞ்சுக் கருவூலத்துக்கு வருமானம் தரும் புகையிலையைப் பகிஷ்கரிக்கச் சொன்னார்கள். மீறியவர்களின் மூக்கு அறுக்கப்பட்ட சம்பவங்கள் உண்டு. 1957 மே மாதத்தில் மலூஸா பகுதியில், போட்டி இயக்கத்தை ஆதரித்ததாகச் சொல்லி சுமார் 300 கிராமவாசிகள் விடுதலை இராணுவத்தால் கொல்லப்பட்டார்கள். பிரான்ஸ் பக்கம் நின்ற ஹர்கி துணைப்படையினர் சுதந்திரத்தின் பின் ஆயிரக்கணக்கில் பழிவாங்கப்பட்டார்கள். பிரான்சின் சித்திரவதைகளை எழுதும் நாம் இவற்றை மறைத்தால் நமது எழுத்தில் நேர்மை இருக்காது. தேசம் என்ற வட்டம் வரையப்பட்டபோதே அதற்கு வெளியே நிற்பவர் துரோகி என்பதும் சேர்ந்தே வரையப்பட்டது.

அதேநேரம் கட்டாயத்தால் மட்டும் எவரும் இவ்வளவு தூரம் வரமாட்டார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் உதைபந்தாட்டத்தில் இருக்கிறது. 1958 ஏப்ரலில், சுவீடன் உலகக் கிண்ணத்துக்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போது, பிரெஞ்சுக் கழகங்களில் ஆடிக்கொண்டிருந்த அல்ஜீரிய வீரர்கள் சிலர் ஒரே நேரத்தில் காணாமல் போனார்கள். சான் எதியன் கழகத்தின் ரஷீத் மக்லூஃபியும் மொனாக்கோவின் முஸ்தபா ஸைதூனியும் அவர்களில் இருவர். இருவரும் பிரான்ஸ் அணிக்காக உலகக் கிண்ணத்தில் ஆடக் காத்திருந்தவர்கள். மக்லூஃபி அப்போது பிரெஞ்சு இராணுவ சேவையிலும் இருந்தார், ஆகவே அவர் செய்தது தப்பியோட்டக் குற்றம். எல்லைகளைக் கடந்து டூனிஸ் போய்ச் சேர்ந்தவர்கள் அங்கே அல்ஜீரியாவின் தேசிய அணியாக நின்றார்கள். நாடு இன்னும் பிறக்கவில்லை, அதற்குத் தேசிய அணி வந்துவிட்டது. ஃபீஃபா அங்கீகரிக்கவில்லை. ஆனாலும் கிழக்கு ஐரோப்பா, அரபு நாடுகள், சீனா, வியட்நாம் என்று நான்கு வருடங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட போட்டிகளில் ஆடினார்கள். யாரும் அவர்கள் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. புகழையும் சம்பளத்தையும் விட்டுவிட்டு அவர்களாகவே போனார்கள். மக்லூஃபி 2024 நவம்பரில், அந்த 70ஆவது வருட அணிவகுப்பு முடிந்து ஒரு வாரத்தில் காலமானார்.

சூமாமுக்குத் திரும்புவோம். அந்த மாநாடு இரண்டு விதிகளை வகுத்தது. இராணுவத்துக்கு மேல் அரசியல், வெளிநாட்டில் இருப்போருக்கு மேல் உள்ளே போராடுவோர். துப்பாக்கி வைத்திருப்பவர் அரசியல் தலைமைக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதே முதலாவது விதியின் சாரம். இந்த விதிக்கு ஆயுள் ஒரு வருடம்தான். 1957 டிசம்பரில் அபான் ரமழான் மொரோக்கோவுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அங்கே சொந்தத் தோழர்களாலேயே கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். போர்க்களத்தில் வீரமரணம் அடைந்தார் என்று சில மாதங்களின் பின் இயக்கப் பத்திரிகை செய்தி வெளியிட்டது. பின் மஹீதி பற்றிப் பிரான்ஸ் ஒரு பொய் சொன்னது, அபான் பற்றி அவரது சொந்த இயக்கம் ஒரு பொய் சொன்னது.

இரண்டாவது விதியைக் குலைத்தது போரின் போக்கு. 1957இல் டூனிசிய எல்லையில் பிரான்ஸ் மின்வேலி அமைத்தது. உள்ளே போராடியவர்களுக்கு ஆயுதம் வரவில்லை, அவர்கள் இரத்தம் சிந்தித் தேய்ந்தார்கள். வேலிக்கு வெளியே டூனிசியாவிலும் மொரோக்கோவிலும் நன்கு ஆயுதம் தரித்த, ஒழுங்கான ஒரு படை வளர்ந்தது. அதன் தலைவர் கேணல் ஹவாரி பூமதீன். 1962 ஜூலை 5இல் சுதந்திரம் வந்தபோது, யார் ஆட்சி செய்வது என்ற கேள்விக்கு விடை அந்த எல்லைப் படையிடம் இருந்தது. பின் பெல்லாவை முன்னிறுத்தி அது தலைநகரை நோக்கி வந்தது. மலைகளில் ஏழு வருடங்கள் நின்றவர்கள் தடுத்தார்கள். முஜாஹித்கள் முஜாஹித்களைச் சுட்டார்கள். ஏழு வருடம் போதும் என்று கத்திக்கொண்டு பொதுமக்கள் இரு தரப்புக்கும் நடுவில் போய் நின்றார்கள். அந்த மக்கள்தான் சூமாமின் விதியைக் கடைசியாகக் காப்பாற்ற முயன்றவர்கள் என்று எனக்குத் தோன்றும். எல்லைப் படை வென்றது. தேசிய விடுதலை இராணுவம், தேசிய மக்கள் இராணுவம் என்று பெயர் மாறியது. 1965இல் அதே பூமதீன் பின் பெல்லாவையும் கவிழ்த்து ஆட்சியைத் தானே எடுத்துக்கொண்டார்.

பர்ஹாத் அப்பாஸ் என்னவானார்? 1956இல் முன்னணியில் சேர்ந்த அவர், 1958இல் அல்ஜீரியத் தற்காலிக அரசாங்கத்தின் முதலாவது தலைவரானார். தேசமே இல்லை என்று எழுதியவர் அந்தத் தேசத்தின் முகமானார். சுதந்திரத்தின் பின் அரசியல் நிர்ணய சபையின் சபாநாயகர். ஆனால் 1963இல் அரசியலமைப்பை அந்தச் சபை எழுதவில்லை. கட்சிக்காரர்கள் ஒரு திரையரங்கில் கூடி முடிவு செய்துவிட்டார்கள். அப்பாஸ் இராஜினாமா செய்தார், அடுத்த வருடம் சிறை வைக்கப்பட்டார்.

அந்தப் புகைப்படத்திலுள்ள ஆறு பேரின் முடிவையும் பாருங்கள். தீதூஷ், பின் பூலஈத், பின் மஹீதி மூவரும் போர்க்காலத்திலேயே ஷஹீதானார்கள். பல்காசிம் 1970இல் ஜேர்மனியில் ஒரு ஹோட்டல் அறையில் கொலையுண்டு கிடந்தார். அதற்கு முந்தைய வருடம் அவரது சொந்த நாடு அவருக்கு மரண தண்டனை விதித்திருந்தது. பூதியாஃப் நீண்ட காலம் வெளிநாட்டில் வாழ்ந்து, 1992இல் அரச தலைவராக அழைத்து வரப்பட்டு, ஆறு மாதம் முடிவதற்குள் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது தனது மெய்ப்பாதுகாவலர் ஒருவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். முதுமை அடைந்து இயற்கையாக மரணித்தவர் பிதாத் மட்டும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, இராணுவம் நாட்டைக் கட்டவே இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகும். 1968இல் கட்டாய தேசிய சேவை வந்தது. இரண்டு வருடங்கள் இளைஞர்கள் சீருடை அணிய வேண்டும். அவர்கள் துப்பாக்கி மட்டும் பிடிக்கவில்லை, வீதி போட்டார்கள், கிராமங்கள் கட்டினார்கள். சஹாரா பாலைவனம் வடக்கே பரவுவதைத் தடுக்க, கிழக்கு எல்லையிலிருந்து மேற்கு எல்லை வரை சுமார் 1,500 கிலோமீற்றர் நீளத்துக்குப் "பசுமை அணை" என்ற மரவேலியை 1970களில் நட ஆரம்பித்தவர்கள் இந்தச் சேவைக்கு வந்த இளைஞர்களே. ஒரே வகை மரத்தை நட்டதால் பெருமளவு பட்டுப்போனது என்பது வேறு கதை. கபிலியப் பையனும் சஹாராப் பையனும் ஒரே குழியில் கன்று நட்டது வீண்போகவில்லை. நாட்டின் எண்ணெய் வருமானத்தில் பாடசாலைகள் பெருகின, எழுத்தறிவு வளர்ந்தது. முஸப்பில் சுமந்த மூட்டையின் தொடர்ச்சி அது.

பிரச்சினை வேறிடத்தில் இருந்தது. போராட்டத்தில் பங்குபற்றியமை நன்மைகள் பெறும் பத்திரமாக மாறியது. முஜாஹித் சான்றிதழ் இருந்தால் ஓய்வூதியம், வாகன இறக்குமதிச் சலுகை, டாக்சி அனுமதி. போலி முஜாஹித்கள் பற்றிய சர்ச்சை தசாப்தங்களாக ஓயவில்லை. பெண்களின் கதை இன்னும் கசப்பானது. ஜமீலா பூஹைரத் போன்றோர் உலகறிந்த பெயர்கள், பதிவு செய்யப்பட்ட பெண் போராளிகள் மட்டும் சுமார் 11,000 பேர். ஆனால் 1980களின் தொடக்கத்தில் குடும்பச் சட்ட வரைவு தயாரானபோது எவரும் அவர்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்று அவர்களே வீதியில் நின்று சொல்ல வேண்டியிருந்தது. அமாஸிக் மொழி பேசும் கபிலியர்கள் விடுதலை இராணுவத்தின் முதுகெலும்பாக இருந்தவர்கள். அவர்களின் மொழி அரச கரும மொழியானது 2016இல்தான். மார்க்கத்தில் ஒன்றாயிருந்தும் மொழியால் வேறுபட்டவர்கள் தேசத்துக்குள் தம் இடத்தைக் கேட்டு நிற்பது எப்படிப்பட்டது என்பது தமிழ் பேசும் முஸ்லிம்களாகிய நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1988 ஒக்டோபரில் மக்கள் இராணுவம் மக்களைச் சுட்டது. நூற்றுக்கணக்கான இளைஞர்கள் மாண்டார்கள். 1991 டிசம்பரில் நடந்த தேர்தலின் முதல் சுற்றில் இஸ்லாமிய மீட்பு முன்னணி வென்றபோது, அடுத்த மாதமே இராணுவம் தேர்தலை நிறுத்தியது. பின்னர் வந்த பத்து வருட இரத்தக்களரியில் ஒன்றரை இலட்சம் அல்லது அதற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காட்டுக்குள் போன ஆயுதக் குழுக்களும் முஜாஹித் என்றே தங்களை அழைத்துக்கொண்டன. முஜாஹிதீன் அமைச்சு வைத்திருந்த அரசு அவர்களைப் பயங்கரவாதிகள் என்றது. அந்தக் குழுக்களுள் சில கிராமங்களில் பெண்களையும் குழந்தைகளையும் அறுத்துக் கொன்றதன்பின், அந்தச் சொல் கேட்டாலே அல்ஜீரியர்கள் பலருக்கு உடல் நடுங்கியது. 1954இல் ஒரு கிராமத்தையே எழுப்பிய சொல் அது.

2019 பெப்ரவரி 22, வெள்ளிக்கிழமை. நோயுற்றுப் பேச்சுமின்றி சக்கர நாற்காலியில் இருந்த பூதபிலிக்கா ஐந்தாவது தடவையும் போட்டியிடப் போகிறார் என்ற அறிவிப்புக்கு எதிராக ஜும்ஆவின் பின் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஹிராக் என்று பெயர் பெற்ற இந்த இயக்கம் வாராவாரம் தொடர்ந்தது. கல்லெறி இல்லை, கடை உடைப்பு இல்லை, போகும்போது குப்பையையும் கூட்டிவிட்டுப் போனார்கள். 83 வயது ஜமீலா பூஹைரத் ஊர்வலத்தில் நடந்தார். அபான் ரமழானின் படமும் பின் மஹீதியின் படமும் உயர்ந்தன. "சிவில் அரசு வேண்டும், இராணுவ அரசு வேண்டாம்" என்பது முக்கிய கோஷம். இது மேற்கிலிருந்து இறக்குமதியான கோஷம் என்றார்கள் சிலர். அது சூமாம் மாநாட்டின் முதலாவது விதி. விடுதலை இராணுவம் தனக்குத்தானே எழுதிக்கொண்ட விதியை, அறுபது வருடங்களின் பின் அந்த மக்கள் அதனிடமே வாசித்துக் காட்டினார்கள்.

இராணுவத் தளபதி காயித் ஸாலிஹ் பூதபிலிக்காவைக் கைவிட்டார், ஊழல்வாதிகள் பலரைச் சிறையிலடைத்தார். அவரும் நவம்பரைத்தான் பேசினார். அவரது ஆதரவாளர்கள் "நவம்பர், பின் பாதீஸ்" என்ற இரண்டையும் சேர்த்து ஒரு கோஷம் ஆக்கினார்கள். ஊர்வலங்களில் அமாஸிக் கொடி தூக்கியவர்கள் கைதானார்கள். கபிலியரான அபான் இல்லாமல் நவம்பருக்குப் பின் ஓர் இராணுவம் இருந்திருக்குமா என்று எவரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது.

ஆனால் ஒருவர் அதைவிட நேரடியாகப் பேசினார். லக்தர் பூரகா, விடுதலை இராணுவத்தின் நான்காம் வலயத் தளபதிகளில் ஒருவர், வயது 86. 1962இல் எல்லைப் படையைத் தடுக்க நின்றவர், பூமதீன் காலத்தில் வருடக்கணக்கில் சிறையிலும் இருந்தவர். இன்றைய இராணுவம் விடுதலை இராணுவத்தின் வாரிசு அல்ல, எல்லைப் படையின் வாரிசு என்று 2019 ஜூனில் ஒரு கூட்டத்தில் சொன்னார். சில நாட்களில் கைது செய்யப்பட்டார். இராணுவத்தின் மனவுறுதியைக் குலைத்தார் என்பது குற்றச்சாட்டு. அரச தொலைக்காட்சி அவரது போராட்ட வரலாறே பொய் என்று காட்டப் பார்த்தது. முன்னாள் போராளிகளே அதை மறுத்தார்கள். ஆறு மாதங்கள் சிறையில் இருந்துவிட்டு 2020 ஜனவரியில் வெளியே வந்தார்.

அவர் சொன்னது முழுக்கச் சரியா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. மலைப் போராளிகள் பலரும் பின்னர் அந்த இராணுவத்திலேயே சேர்ந்தார்கள், இரண்டுக்கும் நடுவில் அவ்வளவு நேரான கோடு கிழிக்க முடியாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க அவரைவிடத் தகுதியுள்ளவர் அந்த நாட்டில் யார் இருந்தார்?

புதிய ஜனாதிபதி தப்பூன் அரசியலமைப்பைத் திருத்தினார். அதன் முகவுரை ஹிராக்கைப் புகழ்கிறது. சர்வஜன வாக்கெடுப்புக்கு அவர்கள் தெரிவு செய்த திகதி 2020 நவம்பர் 1. வாக்களிக்க வந்தவர்கள் 24 வீதத்துக்கும் குறைவு. வாக்களிப்பது பிரஜையின் கடமை என்று அரசு சொன்னது, கொரோனாவும் இருந்தது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் தவறாமல் நடந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தார்களென்றால் அதற்குச் சோம்பல் காரணமல்ல. மூன்று நாட்களின் பின், நவம்பர் 4ஆம் திகதி, லக்தர் பூரகா கொரோனாத் தொற்றினால் காலமானார்.

அந்த அரசியலமைப்பின் 87ஆவது உறுப்புரை இன்னும் இருக்கிறது. ஜனாதிபதி வேட்பாளர் 1942 ஜூலைக்கு முன் பிறந்தவராயின், நவம்பர் புரட்சியில் பங்குபற்றியதை நிரூபிக்க வேண்டும். அதன்பின் பிறந்தவராயின், தாய் தந்தையர் புரட்சிக்கு எதிராகச் செயற்படவில்லை என்பதை நிரூபிக்க வேண்டும். வேட்பாளருக்குக் குறைந்த வயது 40. ஹிராக்கில் நடந்த இருபது வயதுப் பிள்ளைகள் அந்த வயதை எட்டும்போது, 1962இல் அவர்களின் பெற்றோரில் பெரும்பாலானோர் பிறந்தே இருக்கவில்லை என்பதால் அந்தப் பத்திரத்தில் எழுத ஒன்றுமே இராது.